பெங்களூருவில் இரண்டு சபை, நம் ஊரில் ஒன்று

சென்ற மாதம் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு நம் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். பெங்களூருவில் கட்டிக்கொடுத்த மகள் செல்போனில் ஒரு படிவத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். மேலே ‘படிவம் 18’ என்று இருந்தது. “இவளுக்குத்தான் அங்கே ஓட்டர் கார்டு வந்தாச்சே தம்பி. மறுபடியும் எதுக்கு வாக்காளர் படிவம்? ஒருத்தருக்கு ரெண்டு ஓட்டுன்னா கேஸாகிடாதா? யாராவது ஏமாத்துறாங்களா, கொஞ்சம் பாருங்க” என்றார்.

ஏமாற்று வேலை எதுவும் இல்லை. அது பட்டதாரிகள் தொகுதிக்கான படிவம். பெங்களூருவில் குடியிருக்கும் ஒரு பட்டதாரிக்கு மாநில சட்டமன்றம் தொடர்பாகச் சட்டப்படியே இரண்டு வாக்குகள் உண்டு. வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ இருக்கும் அவருடைய அக்காவுக்கு, அவர் இன்னும் பெரிய படிப்பே படித்திருந்தாலும், ஒன்றுதான். இதை விளக்கிச் சொன்னதும், “ஏன் அப்படி? ரெண்டும் ஒரே நாடுதானே?” என்று கேட்டார். நல்ல கேள்வி. நம் பகுதிக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பெங்களூருவிலும் குப்பம், சித்தூர் பக்கமும் சம்பந்தம் இருப்பதால், இந்த இதழில் அதையே எழுதுகிறோம்.

நம் நாட்டில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் சட்டமன்றம் உண்டு. எல்லா மாநிலத்திலும் கட்டாயம் இருப்பது சட்டப் பேரவை. நாம் பொத்தானை அழுத்தித் தேர்ந்தெடுக்கும் எம்.எல்.ஏ.க்கள் உட்காரும் இடம் அது. சில மாநிலங்களில் மட்டும் இதற்கு மேல் இன்னொரு சபை இருக்கிறது. சட்ட மேலவை என்றும், பேச்சு வழக்கில் மேல்சபை என்றும் சொல்வார்கள். அதன் உறுப்பினர் எம்.எல்.சி. இன்றைக்கு உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரம், பீகார், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய ஆறு மாநிலங்களில்தான் இது உள்ளது. மற்ற மாநிலங்கள் எல்லாம் நம்மைப் போல ஒரே சபைதான்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். டெல்லியில் இருக்கும் மாநிலங்களவையை, அதாவது ராஜ்யசபாவை, இதோடு சேர்த்து எண்ணக் கூடாது. தமிழகத்திலிருந்து அங்கே 18 பேர் போகிறார்கள்; அவர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் நம் எம்.எல்.ஏ.க்கள். ஆனால் அது நாடாளுமன்றத்தின் ஒரு பகுதி. கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் 1952 முதல் 1958 வரை உறுப்பினராக இருந்தது அந்த மாநிலங்களவையில்தான். சென்னை மாநில மேலவை வேறு, அது வேறு.

உலகத்தில் எல்லாக் கூட்டாட்சி நாட்டிலும் இப்படித்தானா என்றால், இல்லை. அமெரிக்காவில் 50 மாநிலங்களில் 49க்கு இரண்டு சபை. நெப்ராஸ்கா மட்டும் 1937 முதல் ஒரே சபையோடு நடக்கிறது. நம்மவர்கள் பிழைக்கப் போன மலேசியாவில் 13 மாநிலங்களுக்கும் ஒரே சபைதான். நம் நாட்டின் வழி தனி. எந்த மாநிலத்துக்கு எது வேண்டும் என்பதை அந்தந்த மாநிலமே யோசித்துக்கொள்ளட்டும் என்று அரசியல் சாசனத்தை எழுதியவர்கள் விட்டுவிட்டார்கள். அரசியல் நிர்ணய சபையில் ஒவ்வொரு மாகாணத்து உறுப்பினர்களும் தனியாகக் கூடி முடிவு செய்தார்கள். சென்னை, பம்பாய், வங்காளம், பீகார், பஞ்சாப், ஐக்கிய மாகாணம் ஆகியவை மேலவை வேண்டும் என்றன. அஸ்ஸாமும் ஒரிசாவும் மத்திய மாகாணமும் வேண்டாம் என்றன. பின்னால் மனம் மாறினாலும் வழி உண்டு. பேரவை ஒரு தீர்மானம் போட வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களும், வந்திருந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரும் ஆதரிக்க வேண்டும். அதன் பிறகு நாடாளுமன்றம் சாதாரணச் சட்டம் ஒன்றை இயற்றினால் மேலவை வரும், அல்லது போகும். சாசனத்தின் 169ஆவது பிரிவு இது.

இனி அந்தப் பெண்ணின் இரண்டாவது வாக்குக்கு வருவோம்.

கர்நாடக மேலவையில் 75 இடம். பேரவை 224, மேலவை அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, 40க்குக் குறையவும் கூடாது என்பது விதி. அந்த 75 பேர் ஐந்து வாசல் வழியாக உள்ளே வருகிறார்கள். 25 பேரை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இன்னொரு 25 பேரை மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். 7 பேர் பட்டதாரிகள் வாக்களித்து வருபவர்கள். 7 பேர் ஆசிரியர்கள் வாக்களித்து வருபவர்கள். மீதி 11 பேரை ஆளுநர் நியமிக்கிறார். இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூக சேவை ஆகிய துறைகளில் அறிவோ அனுபவமோ உள்ளவர்களாக அவர்கள் இருக்க வேண்டும் என்று சாசனம் சொல்கிறது. நடைமுறையில் அமைச்சரவை கொடுக்கும் பெயர்கள்தான் பெரும்பாலும் வருகின்றன. தோற்றுப்போன கட்சிக்காரருக்கு ஓர் இடம் என்று ஆகிவிடுவதும் உண்டு, அதை மறைத்து என்ன பயன்.

உறுப்பினர் வயது பேரவைக்கு 25, மேலவைக்கு 30. பேரவைக்கு ஐந்தாண்டு ஆயுள், நடுவிலும் கலைக்கலாம். மேலவையைக் கலைக்கவே முடியாது. ஒருவருக்கு ஆறாண்டுப் பதவி, இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெற்றுப் புதியவர்கள் வருவார்கள். இதனால் ஒரு விளைவு உண்டு: ஆட்சி மாறினாலும் மேலவை உடனே மாறாது. கீழே ஒரு கட்சியின் கை ஓங்கியிருக்கும்போது மேலே பழைய கட்சியின் கை ஓங்கியிருக்கலாம். மேலவை பற்றிய சண்டைகளில் பாதி இதிலிருந்து பிறப்பவை.

அதிகாரம் என்று பார்த்தால், இரண்டும் சமமான சபைகள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நம் ஜமாஅத்தில் நிர்வாகக் குழுவும் இருக்கும், ஆலோசனைக் குழு என்று பெரியவர்கள் சிலரும் இருப்பார்கள். ஆலோசனைக் குழு “கொஞ்சம் பொறுங்கள், யோசித்துச் செய்யுங்கள்” என்று சொல்லலாம். காசோலையில் கையெழுத்துப் போடுவது நிர்வாகக் குழு. ஏறக்குறைய அதே நிலைதான். வரவு செலவு தொடர்பான நிதி மசோதாவை மேலவை 14 நாள்தான் வைத்திருக்கலாம். மற்ற மசோதாவை முதல் முறை மூன்று மாதம் வரை நிறுத்தலாம். பேரவை அதையே மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் இன்னும் ஒரு மாதம். அதற்குப் பிறகு மேலவை ஒப்புக்கொண்டாலும் இல்லாவிட்டாலும் இரு சபைகளும் நிறைவேற்றியதாகவே கருதப்படும். டெல்லியில் இருப்பதுபோல இரு சபைகளும் கூட்டாக உட்கார்ந்து வாக்கெடுக்கும் ஏற்பாடு மாநிலத்தில் கிடையாது. மந்திரிசபையைக் கவிழ்க்கவும் மேலவையால் முடியாது. குடியரசுத் தலைவர் தேர்தலிலும் மாநிலங்களவைத் தேர்தலிலும் எம்.எல்.சி.க்கு வாக்கு இல்லை.

காகிதத்தில் உள்ள இந்த விதி நடப்பில் எப்படி இருக்கும் என்பதற்குப் பக்கத்து மாநிலங்களிலேயே இரண்டு சாட்சிகள் உள்ளன.

ஒன்று ஆந்திரம். 2020 ஜனவரியில் ஜெகன்மோகன் ரெட்டி அரசு மூன்று தலைநகர் மசோதாவைப் பேரவையில் நிறைவேற்றி மேலவைக்கு அனுப்பியது. அங்கே தெலுங்கு தேசத்துக்குப் பெரும்பான்மை. மேலவைத் தலைவராக இருந்தவர் எம்.ஏ. ஷெரீப். ஜனவரி 22 அன்று அவர் அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்புவதாக அறிவித்தார். ஐந்தே நாளில், ஜனவரி 27 அன்று, மேலவையே வேண்டாம் என்று பேரவை தீர்மானம் போட்டது. டெல்லி அதன் மீது ஒன்றும் செய்யவில்லை. ஜூன் மாதம் பேரவை அந்த மசோதாவை இரண்டாம் முறை நிறைவேற்றியது. மேலவை எடுத்துக்கொள்ளாமலே கலைந்தது. ஒரு மாதம் கழிந்ததும் ஆளுநர் ஜூலை 31 அன்று ஒப்புதல் கொடுத்துவிட்டார். ஆக, மேலவையால் தாமதப்படுத்த முடிந்தது, தடுக்க முடியவில்லை. வேடிக்கை என்னவென்றால், காலம் போகப் போக மேலவையிலும் ஆளும் கட்சியின் பலம் கூடிவிட்டது. 2021 நவம்பரில் மூன்று தலைநகர் சட்டத்தையும் திரும்பப் பெற்றார்கள், மேலவை ஒழிப்புத் தீர்மானத்தையும் திரும்பப் பெற்றார்கள்.

இரண்டாவது கர்நாடகம். தோல் தொழிலை நம்பியிருக்கும் நம் பகுதிக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. 2020 டிசம்பர் 9 அன்று அங்கே பசு வதைத் தடுப்பு மசோதா பேரவையில் நிறைவேறியது. மேலவையில் ஆளும் கட்சிக்குப் பெரும்பான்மை இல்லாததால் அங்கே எடுத்துக்கொள்ளப்படாமலே கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. டிசம்பர் 15 அன்று ஒருநாள் கூட்டம் கூட்டியபோது, துணைத் தலைவரை நாற்காலியிலிருந்து இழுக்கும் அளவுக்குக் கைகலப்பு நடந்ததை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அப்போது பெங்களூருவில் இருக்கும் உறவினர்கள் சிலர், “மேல்சபை இருக்கிறது, சட்டம் வராது” என்று நிம்மதியாகச் சொன்னது நினைவிருக்கிறது. ஜனவரியில் ஆளுநர் மூலம் அவசரச் சட்டம் வந்துவிட்டது. பிப்ரவரி 8 அன்று மேலவையிலேயே குரல் வாக்கெடுப்பில் மசோதாவும் நிறைவேறிவிட்டது. மொத்தம் இரண்டு மாதம். மேலவையை ஒரு கோட்டையாக நினைத்தவர்களுக்கு அது நல்ல பாடமாக இருந்திருக்கும். அதற்காக மேலவை வீண் என்றும் சொல்லிவிட முடியாது. அந்த இரண்டு மாதத்தில் மசோதாவின் ஒவ்வொரு பிரிவும் பத்திரிகைகளில் அலசப்பட்டது. ஒரே சபை உள்ள மாநிலத்தில் காலையில் வந்த மசோதா மாலையில் நிறைவேறிவிட முடியும். மனு எழுதக்கூட நேரம் கிடைக்காது.

சரி, தமிழகத்தில் இருந்த மேலவை எங்கே போயிற்று?

1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1937ல் சென்னை மாகாணத்தில் இரண்டு சபைகள் அமைந்தன. அப்போது முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி இருந்தது. பேரவையின் 215 இடங்களில் 28, மேலவையில் 7. முஸ்லிம் வாக்காளர் மட்டும் வாக்களித்து முஸ்லிம் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறை அது. 1946 தேர்தலில் அந்த 28 பேரவை இடங்களையும் முஸ்லிம் லீக் பெற்றது. காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் எதிர்க்கட்சித் தலைவரானார். அரசியல் நிர்ணய சபையில் தனித் தொகுதி தொடர வேண்டும் என்று அவர் வாதாடினார், சபை ஏற்கவில்லை. 1950ல் சாசனம் வந்தபோது பொதுத் தொகுதி முறையும் வந்தது. புதிய மேலவையின் ஐந்து வாசல்களில் எதிலும் மதத்தின் பெயரால் இடம் இல்லை.

1952 தேர்தலில் சென்னை மாநிலத்தில் காங்கிரஸுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ராஜாஜி தேர்தலில் நிற்கவே இல்லை. ஆளுநர் அவரை மேலவைக்கு நியமித்தார், அவர் முதலமைச்சரானார். கொல்லைப்புற வாசல் என்ற பெயர் மேலவைக்கு அப்போதே ஒட்டிக்கொண்டது. ஆனால் அதே வாசல் அண்ணாவுக்கும் பயன்பட்டது. 1967ல் அவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். முதலமைச்சர் பொறுப்பேற்றபின் மேலவை வழியாகத்தான் சட்டமன்றத்துக்கு வந்தார். உறுப்பினராக இல்லாதவர் அமைச்சரானால் ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஒரு சபைக்குள் வந்தாக வேண்டும் என்பது விதி. மகாராஷ்டிரத்தில் உத்தவ் தாக்கரே 2020 மே மாதம் செய்ததும் இதுவே.

1986ல் எம்.ஜி.ஆர். ஆட்சியின்போது திரைக் கலைஞர் ஒருவரை மேலவைக்கு நியமிப்பதில் பெரிய சிக்கல் எழுந்தது. மேலவையில் எதிர்க்கட்சியான தி.மு.க.வின் பலமும் வளர்ந்திருந்தது. கலைஞர் கருணாநிதியே அப்போது எம்.எல்.சி. 1986 மே 14 அன்று மேலவையை ஒழிக்கும் தீர்மானம் பேரவையில் நிறைவேறியது. நாடாளுமன்றச் சட்டத்தின்படி நவம்பர் 1 முதல் 63 இடங்கள் கொண்ட அந்தச் சபை இல்லாமல் போயிற்று. கடைசித் தலைவர் ம.பொ.சி.

அதன் பிறகு நடந்தது ஊஞ்சலாட்டம். 1989ல் தி.மு.க. ஆட்சி ‘வேண்டும்’ என்று தீர்மானம் போட்டது. 1991ல் அ.தி.மு.க. ‘வேண்டாம்’ என்றது. 1996ல் வேண்டும், 2001ல் வேண்டாம். 2010ல் மறுபடி வேண்டும்; இந்த முறை நாடாளுமன்றத்திலும் சட்டமே நிறைவேறி, 78 இடங்கள் என்று முடிவாகி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. தேர்தல் நடக்கும் முன் ஆட்சி மாறியது. 2011ல் வேண்டாம் என்று தீர்மானம். சட்டப் புத்தகத்தில் ஒரு மேலவை எழுதப்பட்டும், நாற்காலியில் ஒருவரும் உட்காராமலே போன கதை இது.

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் மேலவை திரும்ப வரும் என்ற பேச்சு எழும். உடனே நம் சமுதாயத்திலும், “வந்தால் நமக்கு நாலு எம்.எல்.சி. கேட்கலாம்” என்று கணக்குப் போடுகிறோம். நியமன இடம் கேட்பது தப்பில்லை. ஆனால் ஆளும் கட்சி தந்தால்தான் அந்த இடம். அதில் அமர்பவருக்குச் சட்டத்தைத் தடுக்கும் சக்தியும் இல்லை என்பதை மேலே பார்த்தோம். மேலவையே இல்லாத காலத்தில்தான், 2007ல், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இதே தமிழகத்தில் சட்டமானது. நம் பிள்ளைகள் இன்று கல்லூரியில் அந்த இடத்தில் சேர்கிறார்கள். பேரவையில் எண்ணிக்கை உள்ள கட்சியிடம், தொகுதிதோறும் வாக்கு உள்ள ஒரு சமுதாயம் ஆண்டுக்கணக்கில் கேட்டு வாங்கியது அது. எங்கள் பார்வையில், மேலவை வந்தால் அதன் பட்டதாரி, ஆசிரியர் வாசல்கள்தான் நமக்கு உதவும். அவற்றில் யாருடைய தயவும் வேண்டாம். படித்திருந்தால் போதும், பதிவு செய்திருந்தால் போதும். பெண்களைப் படிக்க வைப்பதில் கடந்த இருபது ஆண்டுகளில் நம் குடும்பங்கள் செய்த செலவுக்கு இப்படியும் ஒரு பலன் உண்டு.

அந்தப் பலன் பெங்களூருவில் இருக்கும் நம் பெண்களுக்கு இப்போதே கிடைக்கிறது. ஆனால் பலருக்குத் தெரிவதில்லை. ஆகவே விவரத்தைச் சொல்லிவிடுகிறோம்.

கர்நாடகத்திலோ ஆந்திரத்திலோ தெலங்கானாவிலோ நிரந்தரமாகக் குடியிருப்பவராக இருக்க வேண்டும். பட்டம் பெற்று, பதிவுக்குக் குறிக்கப்படும் நவம்பர் 1ஆம் தேதியன்று மூன்றாண்டு நிறைந்திருக்க வேண்டும். பட்டம் இந்தியாவின் எந்தப் பல்கலைக்கழகமாகவும் இருக்கலாம். நம் ஊர்க் கல்லூரியில் படித்து வாங்கியதும் செல்லும். பட்டதாரிக்குப் படிவம் 18. உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத கல்வி நிலையங்களில் கடந்த ஆறாண்டில் மூன்றாண்டு பாடம் நடத்தியவர்களுக்குப் படிவம் 19. வழக்கமான வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதால் இதில் தானாகப் பெயர் வந்துவிடாது. போன முறை பதிவு செய்திருந்தாலும் செல்லாது. இந்தப் பட்டியலை ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாகவே தயாரிக்கிறார்கள். நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஒரே வீட்டில் இருப்பவர்களின் படிவங்களை ஒருவரே கொண்டுபோய்க் கொடுக்கலாம். தெருவில் யாரோ கட்டுக்கட்டாக வாங்கிப்போய்க் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள். அப்படி வந்து கேட்பவர்களிடம் பட்டச் சான்றிதழ் நகலைக் கொடுத்துவிட வேண்டாம்.

வாக்களிக்கும் முறையும் வேறு. இயந்திரம் கிடையாது, காகிதச் சீட்டுதான். முத்திரை குத்தக் கூடாது, ‘டிக்’ போடக் கூடாது. விருப்ப வரிசைப்படி வேட்பாளர் பெயர்களுக்கு நேரே 1, 2, 3 என்று எண் எழுத வேண்டும். 1 என்ற எண் இல்லாத சீட்டு செல்லாது. சாவடியில் அவர்கள் கொடுக்கும் பேனாவாலேயே எழுத வேண்டும். சொந்தப் பேனாவைத் தொட வேண்டாம். பட்டம் வாங்கியவர்கள் போடும் வாக்கில் செல்லாத வாக்குகள் ஏராளமாக விழுவது ஒவ்வொரு தேர்தலிலும் செய்தியாகிறது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னதும், மகளைக் கூப்பிட்டு, “அசல் சான்றிதழ் இங்கே பீரோவில்தான் இருக்கும்மா, வர்ற ஞாயிற்றுக்கிழமை கொண்டு வர்றேன்” என்றார். பிறகு எங்களைப் பார்த்து, “மருமகனும் டிகிரிதான், அவருக்கும் ஒரு படிவம் சொல்லிவிடவா?” என்று கேட்டார். சொல்லிவிடச் சொன்னோம். இதேபோல வெளிமாநிலத்தில் மகளோ மருமகளோ மகனோ உள்ள குடும்பத்தினர் வியாழக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்கு வந்தால், எந்தத் தொகுதி, எந்தப் படிவம் என்று பார்த்துச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ். வரும்போது பட்டச் சான்றிதழின் நகலும் அந்த ஊர் முகவரிச் சான்றும் இருக்கட்டும்.